திங்கட்கிழமை நட்சத்திரம்

கொர்னேலியஸ் அங்கிள் ஒரு பேச்சைக் கண்ணை மூடி "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று ஆரம்பித்தால், அதற்குள் எனக்கு ஒரு வேலை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ரயில்வேயில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கோலாலம்பூரில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் சபைக்கு மிஷன் செயலாளர். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து மீகூன் நூடுல்ஸ் தட்டோடு நின்றுகொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துச் சபையிலிருந்து எட்டுப் பேர் ஜூலையில் வருகிறார்களாம். ஒரு வாரம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறார்களாம். அதற்கு ஓர் ஆரம்பப் பள்ளி வேண்டுமாம். என் பள்ளிக்கூடம் அவர் கனவில் வராத குறைதான்.

என் பெயர் சாந்தமேரி. பிறப்பில் கத்தோலிக்கர், கல்யாணத்தில் மெத்தடிஸ்ட், வீடு பண்டமாரானில். காப்பார் ஊருக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் பதினான்கு வருஷமாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். அங்கே ஏற்கெனவே ஆங்கில ஆசிரியை ஒருத்தி இருக்கிறாள், அது நான்தான் என்று அங்கிளுக்கு நினைவுபடுத்தினேன். அது அவருக்கு ஒரு தடையாகவே தெரியவில்லை.

அங்கிளோடு போய்த் தலைமையாசிரியர் முகுந்தன் சாரிடம் சொன்னபோது, பள்ளி வாசலுக்குள் ஜெபம், வேதம், பாட்டு எதுவும் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அங்கிள் தலையாட்டினார். பிறகு, போகும்போது நூலகத்தைக் குளிரூட்ட ஒரு ஏர்கான் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்றார். அதற்கப்புறம் சார் நிபந்தனை எதுவும் போடவில்லை.

குழுவுக்குத் தலைவர் டேரன். வயது முப்பத்தாறு. இந்த டேரன் பிறந்தது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்பில். பதினாறு வயதுவரை அங்கேதான் வாழையிலையில் சாப்பிட்டு வளர்ந்தவர். அப்புறம் குடும்பத்தோடு பெர்த் போய்விட்டார். இப்போது அவருக்கு இது வெளிநாட்டு மிஷன். வருவதற்கு முன்பு அனுப்பிய மின்னஞ்சலில் காப்பாரில் மலேரியா உண்டா, குடிநீர் கிடைக்குமா, பிள்ளைகளுக்குக் காலில் செருப்பு இருக்குமா என்றெல்லாம் கேட்டிருந்தார். எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் மின்நிலையத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்க்கிறவர்கள், லோரி ஓட்டுகிறவர்கள். வசதி என்று சொல்ல முடியாது. ஆனால் செருப்புக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் ஆண்டு வகுப்பில் பாதிப் பேருக்கு என்னுடையதைவிட நல்ல போன் இருக்கிறது.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. டேரன் சபைக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அதனால் திங்கட்கிழமை ஒரு வாசிப்புச் சோதனை, வெள்ளிக்கிழமை ஒரு வாசிப்புச் சோதனை. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் மிஷனின் பலன். போன வருஷம் வேறொரு பள்ளிக்கு இன்னொரு குழு வந்ததாம். திங்கட்கிழமையே பிள்ளைகள் எல்லாம் கடகடவென்று வாசித்துவிட்டார்களாம். வந்தவர்கள் முகம் தொங்கிப்போய், அடுத்த வருஷத்துக்குக் கம்போடியாவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்களாம். இதை அங்கிள் என்னிடம் ஒரு துக்கச் செய்தி மாதிரி சொன்னார்.

"தெரிஞ்ச பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கவா அவங்க பிளைட் ஏறி வராங்க? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க லா, சாந்தா."

முகுந்தன் சாரும் அதையேதான் சொன்னார், இன்னும் நாகரிகமாக. திங்கட்கிழமை பிள்ளைகள் இயல்பாக, பதற்றமாக, கொஞ்சம் தடுமாறி வாசித்தால் நல்லது என்றார். எல்லாரும் பூஜ்யம் வாங்கினாலும் சந்தேகம் வரும் என்று எச்சரித்தார். ஏர்கான் எந்தச் சுவரில் வரும் என்று அவர் ஏற்கெனவே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அதற்குக் காரணம் கூச்சமோ பயமோ இல்லை. எனக்கு அந்த எட்டுப் பேர் மேல் ஓர் இளக்காரம். பதினான்கு வருஷம் நான் சொல்லிக்கொடுத்ததை ஐந்து நாளில் சொல்லிக்கொடுக்கப்போகிறோம் என்று வருகிறவர்களுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அதனால் முந்தின வியாழக்கிழமை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் பத்தொன்பது பேரையும் உட்காரவைத்து, திங்கட்கிழமை எப்படித் திணற வேண்டும் என்று பயிற்சி கொடுத்தேன். என் பணிக்காலத்திலேயே பிள்ளைகள் இவ்வளவு ஆர்வமாகக் கவனித்த பாடம் அதுதான்.

அதே வாரத்தில் நிரப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு பாரமும் என் மேசைக்கு வந்தது. எங்கள் பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு என்று ஒன்று உண்டு. எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத பிள்ளைகளை ரோகிணி டீச்சர் தனியாக உட்காரவைத்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். மூன்றாம் ஆண்டுக்குள் சேர்த்தால்தான் உண்டு. நான்காம் ஆண்டுக்குப் போய்விட்ட பிள்ளையை அங்கே எடுக்க மாட்டார்கள். உன் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர் யார் என்று கேட்கும் அந்த ஆண்டின் கடைசிப் பாரம் அது. மறு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். நான் படித்துக்கூடப் பார்க்காமல் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அலுவலகத் தட்டில் வைத்துவிட்டேன்.

அந்தப் பாரத்தில் ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும். ஷாமினி என்று. இந்தக் கதையில் மற்றதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. இது ஒன்று மட்டும் இன்றைக்கும் சிரிப்பாக இல்லை.

ஷாமினியைப் பற்றி அப்போது என்னைக் கேட்டிருந்தால் நல்ல பிள்ளை என்று சொல்லியிருப்பேன். முன் வரிசையில் கிஷனுக்குப் பக்கத்தில் உட்காருவாள். முத்து முத்தான கையெழுத்து. கார்ட்டூன் பார்த்துப் பார்த்து ஆங்கிலம் சரளமாகப் பேசுவாள். பாடத்தை வாசிக்கச் சொன்னால், கிஷன் வாசித்து முடித்ததும் எழுந்து அட்சரம் பிசகாமல் வாசிப்பாள். இரண்டு வருஷமாக அவளுக்கு நான் ஆறு படியில் நான்காம் அடைவு நிலை கொடுத்து வந்தேன். உண்மையைச் சொன்னால், வகுப்பில் எல்லாருக்குமே நான்குதான். மூன்றுக்குக் கீழே போட்டால் ஏன், எப்படி, என்ன நடவடிக்கை என்று மூன்று அறிக்கை எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை குழு வந்து இறங்கியது. ராத்திரி பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. டேரன் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சிக் குடித்தார், மோர் மிளகாய் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மறுநாள் காலையில் அதே டேரன் காப்பாரில் வேனைவிட்டு இறங்கியதும் கை காலெல்லாம் கொசு மருந்து அடித்துக்கொண்டு, எங்கள் கேண்டீன் தேத்தண்ணீரைப் பணிவோடு மறுத்தார். எட்டுப் பேரும் மஞ்சள் டிசட்டையில் இருந்தார்கள். வாசலில் வரவேற்புப் பதாகை, கோலாட்டம், மாலை, தலைமையாசிரியர் உரை, பெற்றோர் சங்கத் தலைவர் உரை, படம். சோதனை ஆரம்பிக்கவே பத்து மணி ஆகிவிட்டது.

நூலகத்தில் மேசை போட்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார்கள். பாடப்புத்தகத்தில் வராத வார்த்தைகள் எழுதிய அட்டைகள். சோதித்தவள் ஆட்ரி. குழுவிலேயே சின்னவள், இருபது வயது. அவள் அப்பாவும் பிரிக்பீல்ட்ஸ்காரர்தான். பெர்த்தில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னதும், இவள் வந்து எங்கள் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சோதனை வைக்கிறாளே என்று எனக்கு இன்னும் கொஞ்சம் குஷியாகிவிட்டது.

நான் ஓரமாக நின்று ரசித்தேன். கிஷன் 'rabbit' என்ற வார்த்தையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்து, நெற்றியைத் தடவி, பெருமூச்சு விட்டு, 'elephant' என்றான். ஒருத்தி கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்துவிட்டாள். ஆனால் ஷாமினிக்கு முன்னால் இவர்கள் யாரும் நிற்க முடியாது. அட்டையைப் பார்த்தாள். ஆட்ரியைப் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த அட்டை, அதற்கடுத்த அட்டை, பத்தும் அப்படியே. துளிகூட மிகையில்லை.

மத்தியானம் வகுப்பில் அவளை எல்லார் முன்னாலும் நிறுத்தி, நடிப்பு என்றால் இதுதான் என்று சொல்லி, நோட்டுப் புத்தக அட்டையில் தங்க நட்சத்திரம் ஒன்று ஒட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஷாமினி நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அதில் சந்தோஷத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது.

செவ்வாயும் புதனும் ஆங்கிலம் கற்பித்தல் நடந்தது. பண்ணை விலங்குகள் என்னென்ன சத்தம் போடும் என்று மஞ்சள் டிசட்டைகள் கற்பித்தன. கணினி விளையாட்டில் நியூசிலாந்துப் பையன்களோடு ஆங்கிலத்தில் சண்டை போடுகிற கிஷன், மாடு எப்படிக் கத்தும் என்று நான்கு தடவை பயபக்தியோடு கத்திக் காட்டினான். எல்லாம் படம் பிடிக்கப்பட்டது. எங்கள் பக்கமும் சளைத்ததில்லை. எந்த நிகழ்ச்சி நடந்தாலும் படத்தோடு ஒரு பக்க அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதால் நானும் படம் எடுத்தேன். ஒரே மாட்டை அவர்கள் அந்தப் பக்கமிருந்தும் நான் இந்தப் பக்கமிருந்தும் எடுத்துக்கொண்டிருந்தோம். வாசலுக்குள் ஜெபம் கூடாது என்றதை மட்டும் அவர்கள் ஒழுங்காகக் காப்பாற்றினார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

புதன்கிழமை இடைவேளையில் ஆட்ரி என்னைத் தேடி ஆசிரியர் அறைக்கு வந்தாள். வீட்டில் பேசிப் பழகிய தமிழ், பாதிக்கு மேல் தாண்டாது. ஷாமினியைப் பற்றிப் பேச வேண்டும் என்றாள். எல்லாருமே கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறார்கள் என்று உச்சுக் கொட்டினேன்.

"இல்ல ஆன்டி. மத்த பிள்ளைங்க தப்பா வாசிக்கிறாங்க, ஆனா கண்ணு எழுத்து மேல ஓடுது. அவ கண்ணு என் வாய் மேல இருக்கு. மத்தவங்க பேஜ் திருப்புனா அவளும் திருப்புறா. எனக்குத் தெரியும் ஆன்டி, டென் இயர்ஸ் வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்."

அம்மா தாயே, அவள் நடிக்கிறாள், நான்தான் பழக்கினேன், பரிசும் கொடுத்தேன் என்று சொன்னால் ஏர்கான் போய்விடும். அதனால் அவள் கூச்ச சுபாவம் என்று மழுப்பினேன். ரொட்டிக்கடைப் பெண் என் வகுப்புப் பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று எரிச்சல் வேறு. ஆட்ரி வாதாடவில்லை. அன்றைக்கும் மறுநாளும் மாட்டுச் சத்தத்துக்குப் போகாமல், ஷாமினியோடு நூலக மூலையில் உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தாள். மணலைக் கூட்டிப் பெருக்க யார் வருவார் என்பதுதான் அப்போது என் கவலை.

வெள்ளிக்கிழமை இரண்டாவது சோதனை, வேறு அட்டைகள். பிள்ளைகளை அவிழ்த்துவிட்டாயிற்று. ஐந்து நாளில் அவர்களுக்கு வந்த கல்வியைப் பார்த்து மஞ்சள் டிசட்டைகளில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிஷன் பத்து வார்த்தையையும் வாசித்துவிட்டு, அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியையும் சேர்த்து வாசித்தான். டேரன் அவனைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்தார்.

கடைசியில் ஷாமினி. முதல் அட்டையில் 'sun'. அட்டையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. முதல் எழுத்தைக் காட்டி 'ஸ்' என்றாள். அப்புறம் நெடுநேரம் கழித்து, 'ஸ... ன்' என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆட்ரி மட்டும் புன்னகையோடு தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழமை மாறியதுகூடத் தெரியாமல் இன்னும் நடித்துக்கொண்டிருக்கிறாளே என்று அவளை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"போதும் நடிச்சது. இன்னிக்கி வெள்ளிக்கிழமை. போய் ஒழுங்கா வாசி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. பயந்த மாதிரியும் தெரியவில்லை. யாராவது எப்போதாவது கேட்பார்கள் என்று வெகுநாளாகக் காத்திருந்து, தயாராக வைத்திருந்த பதிலைச் சொல்வது போலச் சொன்னாள்.

"திங்கக்கிழமை நான் நடிக்கல டீச்சர். மத்த நாள்லதான் நடிப்பேன்."

கிஷனுக்குப் பக்கத்து இடம் ஏன் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தது, அவன் வராத நாளில் அவளுக்கு எப்போதும் வயிற்றுவலி வந்தது, கரும்பலகையைப் பார்த்து அவள் எழுதும்போது தலை நிமிராமல் ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவது போல் போட்டது என்று ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றது. எல்லாம் நான் பார்த்ததுதான். பார்த்துவிட்டு நான்காம் நிலை போட்டவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை முன்னால் தலையைத் தூக்க முடியாத வெட்கம்.

உள்ளே போனபோது அங்கிளும் டேரனும், முகுந்தன் சார் பக்கத்தில் நிற்க, தாள்களில் மார்க்கைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஷாமினியுடைய தாளால் கணக்கு இடித்தது. அங்கிள் ஒரு யோசனை சொன்னார். "ஒரு பிள்ளைதானே லா. வரலன்னு போட்டுடலாம்."

அப்போதுதான் நான் சொன்னேன். மற்ற பதினெட்டுப் பேருக்கும் போன வருஷமே இந்த அட்டையெல்லாம் வாசிக்கத் தெரியும் என்றும், திங்கட்கிழமை நடந்தது நான் பழக்கிய நாடகம் என்றும், அந்த அறையில் உண்மையான தாள் இந்த ஒன்றுதான் என்றும் சொன்னேன். முகுந்தன் சார் சுவரிலிருந்த பென்சில் கோட்டைப் பார்த்தார். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபமாக இருக்கலாம். டேரன் தாழ்ந்த குரலில், ஞாயிற்றுக்கிழமை சபையில் காட்ட வேண்டிய படக்காட்சி ஏற்கெனவே தயாராகிவிட்டது என்றும், பலன் விழுக்காடு புதன்கிழமையே அதில் ஏறிவிட்டது என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமைச் சோதனையை நாங்கள் நடத்தாமலே இருந்திருக்கலாம். நானும் என் ஒரு பக்க அறிக்கையை வியாழக்கிழமையே எழுதி முடித்துவிட்டேன் என்பது ஞாபகம் வந்ததால், அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

நிறைவு விழா குறித்த நேரத்தில் நடந்தது. எட்டுப் பேருக்கும் பொன்னாடை. நான் அதிலிருந்து நழுவி அலுவலகத்துக்குப் போய் என் பாரத்தைக் கேட்டேன். தலைமையாசிரியர் கையெழுத்தாகிவிட்டது, இனிமேல் எடுக்க முடியாது என்றார் குமாஸ்தா. எடுத்தேன். முகுந்தன் சார் பின்னாலேயே வந்துவிட்டார். இரண்டு வருஷம் நான்காம் நிலையில் இருந்த பிள்ளைக்குத் திடீரென்று வாசிக்கத் தெரியவில்லை என்றால் மேலே என்ன சொல்வது என்று கேட்டார்.

"நான் பொய்யா மார்க் போட்டேன்னு சொல்லுங்க சார். கேட்டா நானே எழுதிக் குடுக்கிறேன்."

அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். 'இல்லை' என்பதை அடித்துவிட்டு ஷாமினி என்று எழுதினேன். அதற்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது. முதல் தடவை நான் கவனிக்காத கட்டம். குறையைக் கண்டறிந்தவர் பெயர் என்று கேட்டிருந்தது. பதினான்கு வருஷ ஆசிரியைக்கு அங்கே தன் பெயரை எழுத ஆசையாகத்தான் இருந்தது. ஆட்ரி என்று எழுதினேன். பதவி என்ற இடத்தில் ரொட்டிக்கடை ஊழியர் என்று எழுதினேன். ரோகிணி டீச்சர் அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை.

ஏர்கான் ஆகஸ்டில் வந்து சேர்ந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து மின்கம்பிக்கு அனுமதி வராததால் பெட்டியோடு நூலகத்தில் இருக்கிறது. குறைநீக்கல் வகுப்பும் அங்கேதான் நடக்கிறது. பிள்ளைகள் புத்தகப்பையை அதன் மேல் வைத்துக்கொள்கிறார்கள்.

குழு போன அடுத்த வாரம் ஷாமினியின் நோட்டைத் திருத்தக் கையில் எடுத்தபோது, அட்டையில் அந்தத் தங்க நட்சத்திரம் அப்படியே இருந்தது. பிய்த்துவிடலாம் என்று நகத்தை ஓரத்தில் வைத்துவிட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுக்காதீங்க டீச்சர். அது நடிக்காததுக்குக் கெடச்சது."

நோட்டை மூடி அவளிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, கிஷனுக்குப் பக்கத்து இடத்துக்குப் போகாமல், என் மேசைக்கு எதிரே தனியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.